பட்டாளத்துச் சாமான்: கண்டிப் பிரதேசத்தில் இராணுவ மிகைப் பொருள்களும் மக்கள் வரலாறும்

1

யுத்தங்களின் வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வரலாற்றுக்குரிய சான்றுப் பொருள்களும் அதற்கியையவே தெரிந்தெடுக்கப்பட்டன. வாளும் பதக்கமும் கொடியும் நூதனசாலைகளின் கண்ணாடிப் பெட்டிகளுள் இடம்பெற்றன. சிப்பாய் உண்ட பாத்திரமும், நீரருந்திய போத்தலும், குளிருக்குப் போர்த்த கம்பளியும் பழைய சாமான் வியாபாரியைச் சென்றடைந்தன. எனினும் அண்மைத் தசாப்தங்களில், சிறப்பாக மேலைநாடுகளில், இவ்விரண்டாம் வகைப் பொருள்களைத் தேடிச் சேகரிப்போர் தொகை பெருகியுள்ளது. சிப்பாயின் உணவுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், முதுகுப்பை, இடுப்புவார், தரைவிரிப்பு முதலியன இன்று விலைப்பட்டியலும் நுண்ணாய்வு நூல்களும் கொண்ட ஒரு தனிச் சந்தையின் சரக்குகளாகிவிட்டன.

இது வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடத்தக்க விடயமன்று. எப்பொருள் பேணப்படுகின்றது, எது வீசப்படுகின்றது என்பதைத் தீர்மானிப்போர், நாளை எவ்வரலாறு எழுதப்படலாம் என்பதையும் ஓரளவு தீர்மானிக்கின்றனர். இராணுவ மிகைப் பொருளொன்றுக்கு இரு வாழ்க்கைகள் உண்டு. முதலாவது, ஏகாதிபத்தியத்தின் உடைமையாகப் படையினனின் தோளில் அது கழித்த வாழ்க்கை. இரண்டாவது, விற்றுக் கழிக்கப்பட்டபின் உழைக்கும் மக்களின் கையில் அது கழித்த வாழ்க்கை. சேகரிப்போர் சந்தை முதலாவதை மட்டுமே மதித்து, இரண்டாவதைக் கறையாகக் கருதித் தள்ளுகின்றது என்பதும், மக்கள் வரலாற்றை நாடுவோர் அந்தக் கறையையே சான்றாகக் கொள்ளவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். இரண்டாம் உலக மகாயுத்தத்தின் முக்கிய தலைமைப்பீடங்களுள் ஒன்றாக விளங்கிய கண்டியும் அதன் சுற்றுப்புறமும் இவ்வாதத்திற்கு உரிய களமாக அமைகின்றன.

2

1943 ஆகஸ்டில் நடைபெற்ற கியூபெக் மாநாட்டின் பயனாகத் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் நிறுவப்பட்டது. அதன் தலைமைத் தளபதியாக அட்மிரல் லூயி மவுண்ட்பேற்றன் நியமனம் பெற்றார். முதலில் டில்லியிலிருந்து இயங்கிய இப்பீடம் 1944 ஏப்பிரலில் கண்டிக்கு மாற்றப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவில் அதன் பணிமனைகள் எழுந்தன. கண்டியிலிருந்த தேசாதிபதியின் மாளிகை தளபதியின் வாசத்தலமாயிற்று. வாவிக்கரையிலுள்ள ஹோட்டல் சுவிஸ் போன்ற விடுதிகளும் படைத்துறைத் தேவைக்கு எடுக்கப்பட்டன. அமெரிக்க உளவமைப்பான ஓ.எஸ்.எஸ்ஸின் பிரிவொன்றும் இங்கிருந்து இயங்கியது. பர்மாவிற் போரிட அனுப்பப்பட்ட 11ஆம் கிழக்கு ஆபிரிக்கப் படைப்பிரிவு அதற்குமுன் இலங்கையிலேயே பயிற்சி பெற்றது. கண்டி யுத்த மயானத்திற் பிரித்தானியரோடு கிழக்கு ஆபிரிக்கரும் இந்தியரும் இலங்கையரும் புதைக்கப்பட்டுள்ளமை இப்படையின் உலகளாவிய இயைபைக் காட்டும். 1945 இறுதியில் தலைமைப்பீடம் சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது.

நினைவுக் குறிப்புகளிலும் சுற்றுலாப் பயணிகளுக்கான கைந்நூல்களிலும் காணப்படும் கண்டி இதுவே. பூங்கா, வாவி, புல்வெளி விருந்து ஆகியவற்றாலான கண்டி அது. இதே ஆண்டுகளிற் பிறிதொரு கண்டியும் இருந்தது. 1940 சனவரி 10ஆந் திகதி ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளர்மீது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அதே ஆண்டு சூனில் யுத்த எதிர்ப்புக் கொள்கைக்காக லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்கள் சிறைவைக்கப்பட்டனர். கண்டி போகம்பரைச் சிறையிலிருந்த என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்த்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர், யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியதற்கு இரு நாட்களின் பின்னர், 1942 ஏப்பிரல் 7ஆந் திகதி அங்கிருந்து தப்பிச்சென்றனர். பர்மா வீழ்ந்ததும் அந்நாட்டு அரிசி நின்றுபோயிற்று. இலங்கை மக்கள் பங்கீட்டு அரிசிக்குக் காத்துநின்றனர். தலைமைப்பீடத்தின் உணவு மேசைகளும் தோட்டத்து அடுப்புகளும் ஒரே மலைத்தொடரில், ஒரே காலத்தில் இருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

3

இனிப் பொருளை நோக்குவோம். பிரித்தானியப் படைவீரன் சுமந்த உணவுப் பெட்டி, 'மெஸ் டின்' எனப்படுவது, நாற்கோண வடிவினதாய், ஒன்றினுள் ஒன்று அடங்கும் இரு தகரப் பெட்டிகளைக் கொண்டது. மடக்கத்தக்க கம்பிப் பிடி அதற்குண்டு. 1937ஆம் ஆண்டு மாதிரியெனப் பெயர்பெற்ற பருத்திப்பட்டைத் தொகுதியின் சிறுபையில் இது வைக்கப்பட்டது. தொடக்கத்தில் அலுமினியத்தாற் செய்யப்பட்டதாயினும், விமானத் தொழிலுக்கு அலுமினியம் தேவைப்பட்டமையால், யுத்த காலத்தில் வெள்ளீயப் பூச்சிட்ட உருக்குத் தகட்டாற் செய்யப்பட்டது. தண்ணீர்ப் போத்தலோ நீலநிற எனாமல் பூசிய இரும்பாலாகி, காக்கிநிறக் கம்பளி உறையும் தக்கை மூடியும் உடையதாய் இருந்தது.

இப்பொருள்களில் உறைந்துள்ள உழைப்பு எவ்வெவ் விடங்களிலிருந்து வந்தது? காக்கித் துணியை எடுத்துக்கொள்வோம். சென்னைப் பெரம்பூரிலிருந்த பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகள், அதாவது மக்கள் வழக்கிற் 'பின்னி ஆலை', இரு உலக யுத்தங்களிலும் படைத்துறைக்குக் காக்கி நெய்தன. 1918 ஏப்பிரலிற் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகவும், 1921இல் நெடும் வேலைநிறுத்தமொன்று நிகழவும் களமாயிருந்த ஆலை அதுவே. கம்பளிக்குக் கான்பூரின் ஆலைகள் இருந்தன. நீர்புகாத் தரைவிரிப்பிற் பூசப்பட்ட றப்பரை நோக்கின், 1942இல் மலாயா யப்பானியர் வசமானபின் நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் வழங்கிய தலையாய நாடு இலங்கையே. மரங்கள் பட்டுப்போகுமளவுக்குப் பால் வெட்டப்பட்டது. இறுதியாக, அத்தகரப் பெட்டியிற் சிப்பாய் காய்ச்சிக் குடித்தது எது? தேநீர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் வர்த்தக அளவிலான தேயிலைச் செய்கையைத் தொடங்கியதும் கோவிந்தன் வீழ்ந்ததும் ஒரே ஹேவாஹெட்டை மலைகளிலேதான். தேயிலைத் தூளும் சீனியும் பால்மாவும் கலந்த பங்கீட்டுப் பொட்டலம் படையினனின் அன்றாட உணவின் பகுதியாயிருந்தது. ஆக, ஒரு சிப்பாயின் முதுகுச் சுமையை அவிழ்த்துப் பரப்பினால், அங்கே காணப்படுவது இலண்டனின் வல்லமையன்று. பெரம்பூர் நெசவாளியினதும் களுத்துறைப் பால்வெட்டுநரினதும் கண்டிமலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணினதும் கூலிக்குறைந்த உழைப்பே.

இவ்வுழைப்பை மறைக்கும் முத்திரையொன்று அப்பொருளின்மீது பொறிக்கப்பட்டிருந்தது. தயாரிப்பாளர் பெயர், ஆண்டு ஆகியவற்றோடு மேல்நோக்கிய அம்புக்குறியொன்று பிரித்தானியப் படைத்துறை உடைமைகளில் இடப்பட்டது. அரசின் சொத்து என்பது அதன் பொருள். அக்குறியுள்ள பொருளை உரிமையின்றி வைத்திருப்பது இங்கிலாந்தின் 1875ஆம் ஆண்டுப் பொதுக் களஞ்சியச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். பொருள் கழிக்கப்பட்டு விற்கப்படும்போது, முனையோடு முனை சேர இரண்டாம் அம்பொன்று எதிர்த்திசையிற் பொறிக்கப்படும். ஒரு குறி பொருளை முடிக்குரியதாக்குகின்றது. மறு குறி அதனைச் சரக்காக்குகின்றது. இவ்விரு குறிகளுக்குமிடையே, அதனை ஆக்கிய கைகளுக்கு எவ்விடத்திலும் குறியில்லை.

படையும் உடைமையும் பற்றிய இத்தொடர்பு புதியதன்று. 1857 செப்ரெம்பரில் எங்கெல்சுக்கு எழுதிய கடிதமொன்றில், கூலிமுறை முதலிற் படையிலேயே முழுமையாக வளர்ந்தது என்பதையும், உரோமச் சிப்பாய் தன் படைச் சேவையால் ஈட்டிய உடைமையே குடும்பத் தலைவர் அல்லாதோரின் அசையும் சொத்துச் சட்டத்தில் ஏற்கப்பட்டதன் முதல் வடிவம் என்பதையும் மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். உரோமச் சிப்பாய்க்குக் கிட்டிய அவ்வுரிமைகூட அம்புக்குறியிட்ட பெட்டியைச் சுமந்தவனுக்குக் கிட்டவில்லை. அவன் உண்ட பாத்திரமே அவனுடையதன்று.

4

யுத்தம் முடிவுற்றதும் மலையளவு பொருள்கள் மிகையாயின. யுத்த உற்பத்தியின் இயல்பே அது. அழிந்துபோவதற்கென்றே ஆக்கப்படும் சரக்குகள் அவை; அழியாது எஞ்சியவை முதலாளியச் சந்தைக்கு ஒரு தொல்லையாகின்றன. மலிவாக விற்றால் புதிய பொருளுக்கு விலையில்லை. இலவசமாகக் கொடுத்தாலோ உடைமை முறையே கேள்விக்குள்ளாகும். பசிபிக் சமுத்திரத்தில், இன்றைய வனுவாட்டுவின் எஸ்பிரிட்டு சான்ரோத் தீவில், அமெரிக்கப் படையினர் தாம் விற்க முற்பட்டு விலைபோகாத வாகனங்களையும் உபகரணங்களையும் கடலினுள் தள்ளிவிட்டனர். அவ்விடம் இன்று 'மில்லியன் டொலர் முனை' என வழங்கப்படுகின்றது. பயன் மதிப்பு நிறைந்த பொருள், பரிவர்த்தனை மதிப்பு இல்லாமையாற் குப்பையாயிற்று என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

பிற பொருள்கள் வேறொரு வழியிற் சென்றன. யுத்தத்தை நடாத்திய ஏகாதிபத்தியங்கள் அவற்றை மீண்டும் யுத்தத்திற்கே பயன்படுத்தின. 1945 இறுதியிற் சாவகத்திலும் சைகோனிலும் ஒல்லாந்த, பிரெஞ்சு ஆட்சிகள் திரும்புவதற்கு வழிசெய்தவை, இதே கட்டளைப்பீடத்தின்கீழ் இருந்த பிரித்தானிய, இந்தியப் படைகளே. யப்பானியருக்கெதிரான காட்டு யுத்தத்தை மனங்கொண்டு பச்சைநிறத்தில் வடிவமைக்கப்பட்ட 1944ஆம் ஆண்டு மாதிரி உபகரணத் தொகுதி, அந்த யுத்தத்தில் அதிகம் பயன்படுவதற்குமுன் யுத்தம் முடிந்துவிட்டது. அது பரவலாகப் பயன்பட்டது 1948இல் தொடங்கிய மலாயா அவசரகாலத்தின்போதாகும். மலாயாத் தொழிற்சங்க இயக்கத்தின் தமிழ்த் தலைவரான எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆந் திகதி தூக்கிலிடப்பட்டதும் அக்காலத்திலேயாகும். சேகரிப்போர் இன்று ஆவலுடன் தேடும் அப்பச்சைப் பைகளின் வரலாற்றில் இதுவும் அடங்கும்.

எஞ்சியவை மக்களிடம் வந்தன. பிலிப்பைன்சில் ஜீப் வண்டிகள் மக்களை ஏற்றிச்செல்லும் 'ஜீப்னி'களாயின. சென்னையில், 1985இல் தீக்கிரையாகும்வரை, மூர் மார்க்கெட் பழம்பொருள்களின் புகலிடமாயிருந்தது. கண்டி மலைநாட்டிற் பட்டாளத்துச் சாமானுக்குத் தேவை ஏற்கெனவே இருந்தது. இங்கு குளிர் உண்டு, கூலி குறைவு. தோட்ட நிருவாகம் வழங்கிய கறுப்புக் கம்பளியின் விலைகூடத் தொழிலாளியின் கணக்கிற் கடனாக எழுதப்பட்டு வந்தது. பட்டாளத்துக் கம்பளியும் தடித்த மேற்சட்டையும் தேய்வதற்கு நாட்கள் பிடிக்கும் பண்டங்கள். உணவுப் பெட்டியோ பல தொழிலுக்கு உதவும்: அரிசி அளக்கும் சுண்டாகும், மலைக்கு ரொட்டி எடுத்துச் செல்லும் பாத்திரமாகும், அடி ஓட்டையானபின் ஈயம் வைத்து அடைக்கப்படும், அடைக்க முடியாதபோது மண்ணெண்ணெய் விளக்கின் தாங்கியாகும்.

படையின் பொருள் தோட்டத்துள் அந்நியமாக நுழையவில்லை என்பதும் நோக்கற்பாலது. தோட்ட வாழ்க்கையே படைமுறையில் ஒழுங்கமைக்கப்பட்டதாகும். தொழிலாளர் வாழும் 'லயன்' என்னும் சொல் பட்டாளத்துக் குடியிருப்புக்கு வழங்கிய ஆங்கிலச் சொல்லே. காலையில் ஆட்கள் அணிவகுத்து நிற்கும் 'பெரட்டு' என்பது 'பரேட்' என்பதன் திரிபாகக் கொள்ளப்படுவது. தொழிற்சாலைத் தொழிலாளர் சிப்பாய்கள்போல் அணிவகுக்கப்படுகின்றனர் என 1848ஆம் ஆண்டின் அறிக்கை கூறிய நிலை, இங்கே சொல்லளவிலும் நிறைவேறியிருந்தது. எனவே உணவுப் பெட்டி ஒரு பெரட்டிலிருந்து மறு பெரட்டுக்கு வந்தது எனலாம்.

5

இனி, சேகரிப்போர் இப்பொருள்களை எவ்வாறு மதிக்கின்றனர் எனப் பார்ப்போம். அவர்கள் சந்தையின் இலக்கணம் எளிது. முத்திரை தெளிவாக இருத்தல் வேண்டும். ஆண்டு வாசிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். எவருக்கும் வழங்கப்படாது, களஞ்சியத்திலேயே கிடந்த பொருள் மிகவுயர்ந்த விலை பெறும். பற்றுவைத்துத் திருத்தப்பட்டது, மாற்றுப் பிடி பொருத்தப்பட்டது, அடுப்புக் கரி படிந்தது ஆகியன விலை குன்றும். அதாவது, எவரும் உண்ணாத உணவுப் பாத்திரமே தலைசிறந்த உணவுப் பாத்திரமாகின்றது. பயன் மதிப்பு முற்றாக நீங்கிய நிலையிலேயே பரிவர்த்தனை மதிப்பு உச்சத்தை அடைகின்றது. சரக்குகளின் மாயத்தன்மை பற்றி 'மூலதனம்' முதற்பாகத்தில் விளக்கப்பட்டதற்கு இது ஒரு சிறு விரிவுரை போல அமைகின்றது.

சேகரிப்பையே முற்றாகக் கண்டிப்பது நமது நோக்கமன்று. வால்ரர் பெஞ்சமின், 1937இல் எடுவார்ட் பூக்ஸ் என்னும் சேகரிப்பாளரைப் பற்றி எழுதிய கட்டுரையில், உத்தியோகபூர்வக் கலை வரலாறு புறக்கணித்த கேலிச்சித்திரங்களையும் வெகுசனப் படங்களையும் திரட்டிய ஒருவர் எவ்வாறு வரலாற்றுப் பொருள்முதல்வாதத்திற்குப் பணிசெய்தார் எனக் காட்டினார். அதே பெஞ்சமின், சேகரிப்பாளன் பொருளை அதன் சரக்குத் தன்மையிலிருந்து விடுவிக்க முயன்றும், பயன் மதிப்புக்குப் பதிலாக இரசிகனின் மதிப்பையே அதற்கு அளிக்கின்றான் என்பதையும் உணர்ந்திருந்தார். இராணுவப் பொருட் சேகரிப்பாளரிடமும் நாம் கற்கவேண்டியது உண்டு. ஒரு தையலைக் கொண்டு ஆலையை இனங்காணவும், ஒரு கொக்கியைக் கொண்டு ஆண்டைத் துணியவும் அவர்கள் வல்லவர். இந்த நுண்ணறிவு வரலாற்றாசிரியருக்கும் தேவை. குறைபாடு அவர்தம் அறிவில் இல்லை. அவர்கள் எங்கே நிறுத்திக்கொள்கின்றனர் என்பதில் உள்ளது.

இதன் விளைவு எத்தகையது என்பதை, கண்டிக் கட்டளைப்பீடத்தின் போர்க்களத்துள் அடங்கிய சயாம்-பர்மா இரயில்பாதை காட்டும். 1942-43இல் யப்பானியர் அமைத்த 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதையில் 12,000க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் ஏறத்தாழ 90,000 பேர் என மதிப்பிடப்படுகின்றது. யப்பானியரிடம் சிறைப்பட்ட கைதிகள் தம் பெயரும் முகாமும் சித்திரமும் கீறிவைத்த உணவுப் பெட்டிகள் கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய யுத்த நினைவகத்திற் பேணப்படுகின்றன. அவை நெஞ்சை உருக்குவன, பேணப்படவேண்டியனவும்கூட. ஆயின், அம்புக்குறியிட்ட பெட்டி வழங்கப்படாத தமிழ்த் தொழிலாளி எதிற் கஞ்சி குடித்தான்? பழைய பால்பேணியோ மூங்கிற் குழாயோ சிரட்டையோ, எதுவாயினும் அதிற் படைத்துறை முத்திரை இல்லை. முத்திரை இல்லாத பொருளுக்குச் சந்தை இல்லை. சந்தை இல்லாதவிடத்து நினைவும் அருகிப்போகின்றது.

6

மலையகத் தமிழர் தாமாகவே இப்பொருள்களைப் பேணாதது ஏன் என வினவுவோரும் உளர். பேணுதலுக்கு நிலையான வீடு வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்ரோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. தலைமன்னாரிற் கப்பலேறியவர்கள், ஒரு டிரங்குப் பெட்டியுள் எதை வைப்பது, எதை விடுவது எனத் தீர்மானிக்கவேண்டியிருந்தது. அடி கருகிய தகரப் பாத்திரம் அப்பெட்டியில் இடம்பெறுவது அரிது. 1973-74ஆம் ஆண்டுகளிற் பங்கீடு குறைக்கப்பட்டுத் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தபோது, விற்கத்தக்கதெல்லாம் விற்கப்பட்டது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் லயன்கள் எரியூட்டப்பட்டன.

இவற்றோடு பிறிதொன்றும் சேர்ந்தது. உள்நாட்டு யுத்தக் காலத்திற் பட்டாளத்துச் சாமான் தமிழர் வீட்டில் ஆபத்தான பொருளாயிற்று. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிலவிய சூழலில், பச்சைத் துணியொன்றுகூடச் சந்தேகத்திற்குக் காரணமாகலாம் என்ற அச்சம் நிலவியது. 1990களில் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைப் பட்டியலில் இராணுவச் சீருடையை ஒத்த துணியும் அடங்கியிருந்தது. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒருவர் பழைய படைப்பையைச் சுவரில் மாட்டி மகிழலாம்; அதே பையைத் தமிழ்க் குடும்பமொன்று எரித்தோ புதைத்தோ விடும். சேகரிப்பதும் ஒரு வர்க்கத்தின், ஓர் அரசியற் பாதுகாப்பின் சலுகையே என்பதை இது உணர்த்தும்.

7

கண்டியை அண்டி இன்று இரு நூதனசாலைகள் உள்ளன. ஹந்தானையில், 1925இற் கட்டப்பட்ட தொழிற்சாலையில், 2001ஆம் ஆண்டு முதல் இயங்கும் இலங்கைத் தேயிலை நூதனசாலை ஒன்று. பழைய இயந்திரங்களும் ஜேம்ஸ் டெயிலரின் உடைமைகளும் அங்கு காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. கம்பளைக்கு அண்மையில், பழைய லயன் காம்பராக்களையே கட்டடமாகக் கொண்டு, கண்டிச் சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை மற்றொன்று. உழைத்தோரின் பாத்திரங்களும் கருவிகளும் அங்கே வரலாற்றுச் சான்றுகளெனும் தகுதியைப் பெற்றுள்ளன. ஒன்று பொருளை உற்பத்தியின் வெற்றியாகக் காட்டுகின்றது. மற்றையது உற்பத்தி செய்தோரின் வாழ்வாகக் காட்டுகின்றது. பின்னையதே நாம் பின்பற்றவேண்டிய நெறி.

இந்நெறியைப் பட்டாளத்துச் சாமானுக்கும் விரித்தல் வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகம், முன்னாள் கட்டளைப்பீடத்தின் அயலிலேயே அமைந்துள்ளது. இங்கு பயிலும் மலையக மாணவர் விடுமுறையில் ஊர் செல்லும்போது, வீட்டிலும் அயலிலும் எஞ்சியுள்ள கம்பளி, போத்தல், தகரப் பெட்டி ஆகியவற்றைப் பதிவுசெய்யலாம். பொருளை வாங்கிக்கொண்டு வருதல் முதன்மையன்று. அதனைப் பயன்படுத்தியோரின் கூற்றைப் பதிதலே முதன்மையானது. முத்திரையையும் ஆண்டையும் குறிப்பதோடு, யாரிடமிருந்து பெறப்பட்டது, என்ன விலைக்கு, எதற்குப் பயன்பட்டது, யார் பற்றுவைத்தார், எப்போது கைவிடப்பட்டது என்னும் வினாக்களுக்கும் விடை எழுதப்படல் வேண்டும். யுத்த ஆண்டுகளிற் சிறுவராயிருந்தோர் இன்று எண்பது, தொண்ணூறு வயதைக் கடந்துவிட்டனர். இப்பணிக்குரிய காலம் குறுகியது.

முனையோடு முனை சேர்ந்த ஈரம்புகள் ஒரு பொருளின் வரலாறு முடிந்துவிட்டது என அறிவிக்கவில்லை. அரசின் உடைமை முடிந்து மக்களின் பயன்பாடு தொடங்கும் புள்ளியையே அவை குறிக்கின்றன. சேகரிப்போர் சந்தை அப்புள்ளிக்கு முன்னுள்ளதை நன்கு ஆராய்ந்துவிட்டது. அதற்குப் பின்னுள்ளதை, ஈயம் வைத்து அடைத்த ஓட்டையிலிருந்தும் தேய்ந்துபோன விளிம்பிலிருந்தும் வாசித்தெடுப்பது நமது கடமையாகும்.